ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு எது துணை: ட்யூஷன் ஆசிரியையா, சாட்ஜிபிடியா?

மொரீசியசில் நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். 10-ஆம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கில மொழி, இலக்கிய வீட்டுப்பாடங்களுக்குத் துணை தேடியபோது இரண்டு வழிகள் இருந்தன: ரோஸ் ஹில்லில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் வீட்டில் நடத்தும் சிறு வகுப்பு, கைப்பேசியில் சாட்ஜிபிடி. இரண்டையும் பார்த்துவிட்டு ஆசிரியையிடமே சேர்த்தோம். ஆகையால் இந்த அலசல் அவர் பக்கம் சாய்ந்திருப்பதில் வியப்பில்லை.

செலவிலும் வசதியிலும் கைப்பேசிக்கே வெற்றி. இரவு எந்நேரமும் விடை கிடைக்கும். சூறாவளி எச்சரிக்கையால் பள்ளியும் ட்யூஷனும் மூடிக் கிடக்கும் நாள்களிலும் அது விடுப்பு எடுப்பதில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது திருத்தம் என்ற ஒன்றுதான். மகளின் கட்டுரையில் 'ஐ அஸிஸ்டட் டு எ வெட்டிங்' என்று ஒரு வரி இருந்தது. கலந்துகொள்வதைக் குறிக்கும் பிரெஞ்சு வினைச்சொல்லை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்திருக்கிறாள்; ஆங்கிலத்தில் 'அஸிஸ்ட்' என்றால் உதவுவது. அடுத்த பத்தியில் 'யெஸ்டர்டே ஐ வாக்' என்று இருந்தது. கிரியோலில் 'மோ மார்ஸே' (நான் நடக்கிறேன்) என்பது 'மோ தி மார்ஸே' ஆனாலே இறந்தகாலம் வந்துவிடும், வினைச்சொல் மாறாது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் தொடர்கிறது. இதே கட்டுரையைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னால் பிழையில்லாத கட்டுரை உடனே வந்துவிடுகிறது. பிள்ளை அதைப் பார்த்து எழுதி முடிக்கிறாள், எது ஏன் மாறியது என்பது அவள் கண்ணில் படுவதே இல்லை. 'பிழையை மட்டும் சுட்டிக்காட்டு, திருத்தாதே' என்று கேட்டால் அதுவும் செய்யும். ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் எந்தப் பிள்ளை அப்படிக் கேட்கும்? ஆசிரியையோ பென்சிலால் வட்டமிட்டு, விடை எழுதாமல் நோட்டைத் திருப்பித் தருகிறார். கிரியோலும் பிரெஞ்சும் அவருக்குத் தெரியும் என்பதால் பிழை எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறார். அதே பிழை மறுபடி வந்தால் பழைய பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறார்.

இலக்கியத்திலும் நிலைமை இதுதான். 11-ஆம் வகுப்பு முடிவில் எழுதும், கேம்பிரிட்ஜ் தேர்வு வாரியத்தின் ஓ லெவல் இலக்கியத் தேர்வு, பாடநூல் அறிவையும் எழுத்தாளரின் மொழித்திறம் பற்றிய புரிதலையும் மட்டுமல்லாமல், மாணவரின் சொந்த எதிர்வினையையும் மதிப்பிடுகிறது. 'இந்தப் பகுதியில் எழுத்தாளர் பதற்றத்தை எப்படி உருவாக்குகிறார்?' என்ற கேள்விக்குக் கைப்பேசி தரும் விடை குறுகிய வாக்கியங்கள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் என எந்தக் கதைக்கும் பொருந்தும்படி இருக்கிறது. சில வேளைகளில் நூலில் இல்லாத வரியையே மேற்கோளாகவும் காட்டிவிடுகிறது. ஆசிரியை திருப்பிக் கேட்ட கேள்வி, 'உனக்கு எந்தச் சொல்லில் பயம் வந்தது?' என்பதுதான். கதவு 'மெல்ல' திறந்தது என்ற இடத்தை மகள் காட்டினாள். அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு பத்தி எழுத வைத்தார்.

நான் சொல்வதெல்லாம் சிறு வகுப்புக்கே பொருந்தும். நோட்டைத் திறந்து பார்க்க நேரமில்லாத பெரிய ட்யூஷனுக்குப் பணம் கட்டுவதைவிடக் கைப்பேசியே மேல். ஓ லெவலுக்கு அடுத்த எச்.எஸ்.சி. என்ற மேல்நிலைத் தேர்வு நிலையில் இந்தக் கணக்கு மாறக்கூடும். எங்கள் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை. கைப்பேசியையும் நாங்கள் ஒதுக்கிவிடவில்லை: கடினமான பத்திக்குப் பொருள் கேட்கவும், கேம்பிரிட்ஜ் தன் தளத்தில் வெளியிடும் பழைய வினாத்தாள்களையும் தேர்வாளர் அறிக்கைகளையும் படிக்கவும் அது பயன்படுகிறது. எந்த வகுப்பில் சேர்ப்பதானாலும், கட்டணம் கேட்பதற்கு முன் அங்கே படிக்கும் பிள்ளை ஒருவரின் கட்டுரை நோட்டைக் கேட்டு வாங்கி, வட்டமிட்ட பிழைகளைப் பிள்ளையே திருத்தி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.