ஏ-டி ஸ்ட்ரிப்: பழைய பிலிம் ரோல் வைத்திருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான்

அப்பா 16 எம்எம் புரொஜெக்டர் வாடகைக்கு விட்டவர். கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், கல்யாண வீடு என்று எங்கே திரை கட்டினாலும் படப்பெட்டியோடு கிளம்பிவிடுவார். அவர் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் பரணில் இருந்த 22 டப்பாக்களை இறக்கினேன். முதல் டப்பா துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. நெம்பித் திறந்ததும் வினிகர் நெடி அப்படியே மூக்கில் ஏறியது. ரோலின் ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்து, மேல் சுற்றில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மற்ற 21 டப்பாவையும் முகர்ந்து பார்த்தேன், பெரிதாக ஒரு வாசனையும் இல்லை. சரி, ஒன்றோடு போயிற்று என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்த நிம்மதி தப்பு என்று காட்டிக்கொடுத்தது இந்த ஸ்ட்ரிப்தான்.

பொருள் ரொம்ப எளிமையானது. விரல் நீளத்துக்கு நீல நிறக் காகிதத் துண்டுகள், கூடவே ஒரு பென்சில். அமெரிக்காவில் ரோசெஸ்டர் நகரத்தில் இருக்கும் இமேஜ் பர்மனன்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனத்தின் தயாரிப்பு, 1997-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது இதற்குக் கிடைத்தது. டப்பாவுக்குள் ரோலின் மேல் ஒரு துண்டை வைத்து மூடி, 24 மணி நேரம் விட வேண்டும். பிலிமிலிருந்து அமிலம் கசிந்தால் நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். பென்சிலில் 0, 1, 2, 3 என்று நான்கு நிறங்கள் அச்சடித்திருக்கிறார்கள், துண்டை எடுத்த உடனே அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

இது ஏன் முக்கியம் என்றால், ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சடித்த பழைய பிலிம் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகை பிளாஸ்டிக். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் அதிலிருந்து வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம் பிரியும், பிரிந்த அமிலமே மேலும் பிலிமை அரிக்கும். 1.5 என்ற அளவைத் தொட்டுவிட்டால் அப்புறம் வேகம் கிடுகிடுவென ஏறும், அந்த இடத்துக்கு முன்னால் பிடித்துவிட வேண்டும். கோடாக் 1948-இல் ட்ரைஅசிடேட் என்ற அசிடேட் வகைப் பிலிமைக் கொண்டுவந்த பத்து வருஷத்துக்குள்ளேயே, பிலிம் கெடுகிறது என்ற முதல் புகார் அவர்களுக்கு இந்திய அரசிடமிருந்துதான் போனது. நம் வெயிலும் புழுக்கமும் அப்படி. 21 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் புது அசிடேட் பிலிம் இந்த நோய் தொடங்காமல் சுமார் 40 வருஷம் தாங்கும் என்று அதே நிறுவனம் கணக்குச் சொல்கிறது. சித்திரை மாதம் எங்கள் வீட்டுப் பரணில் கை வைக்க முடியாது, அங்கே எங்கே போவது 21 டிகிரிக்கு!

என் 22 டப்பாவில் வந்த முடிவு இது. நெளிந்த ரோல் பளிச்சென்று மஞ்சள், அதாவது 3. நான்கு டப்பா 2. ஆறு டப்பா ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். மீதிப் பதினொன்று நீலமாகவே இருந்தன. பச்சைக்கு வந்த அந்த நான்குமே, நான் முகர்ந்துபார்த்து நல்லா இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தவை. நம்பிக்கை வராமல் அதில் ஒன்றை அளந்து பார்த்தேன். 16 எம்எம் பிரதியில் புதிதாக இருக்கும்போது 100 ஃபிரேம் 762 மில்லிமீட்டர் வர வேண்டும், எனக்கு வந்தது 754. ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. தெரியாமல் அப்பாவின் புரொஜெக்டரில் மாட்டியிருந்தால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துக்கொண்டே போயிருக்கும்.

குறைகளும் உண்டு. விலை, அதற்கு மேல் வெளிநாட்டுத் தபால் செலவு, அதற்கு மேல் சுங்க வரி, எல்லாம் சேர்ந்து ஒரு தனி ஆளுக்குப் பாரம்தான். நாலு பேர் சேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் தடவை நான் வாங்கிய விற்பனையாளர் ஏற்கெனவே பிரித்த பாக்கெட்டை அனுப்பிவிட்டார், துண்டுகள் டப்பாவுக்குள் போகும் முன்பே பச்சை கலந்திருந்தன, அதனால் வந்ததும் பையின் சீல் பாருங்கள். டியூப் லைட்டில் 1-க்கும் 1.5-க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியவில்லை, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. ஈரமும் அமிலமும் உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் பொட்டலத்தை டப்பாவில் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்ட ரோலும் நல்ல பிள்ளையாக நீலம் காட்டும். குளிர்ந்த இடத்தில் வைத்திருக்கும் ரோலுக்கு 24 மணி நேரம் போதாது, பல நாள் ஆகும்.

முக்கியமாக, இது மருந்து இல்லை. ஏறிய அமிலத்தன்மையைத் திருப்ப எதுவும் கிடையாது, வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். அப்பா ஒவ்வொரு டப்பாவிலும் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார், பாவம், அது பூச்சிக்குத்தான் ஆகும். நான் முதலில் பச்சை, மஞ்சள் ரோல்களைத் தனி அறைக்கு மாற்றினேன், ஏனென்றால் ஒன்றின் ஆவி பக்கத்து ரோலையும் கெடுக்கும். துருப்பிடித்த தகர டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்றுத் துளை உள்ள பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினேன். ஒன்றைத் தாண்டிய ரோல்களை மட்டும் இரட்டைப் பையில் இறுக்கிக் கட்டி, பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் வைக்க வேண்டும், அவசரப்பட்டுத் திறந்தால் பிலிம் மேல் வியர்த்துவிடும்.

ஸ்கேன் செய்யக் காசு கொஞ்சமாகத்தான் இருக்கிறது. எதை முதலில் கொடுப்பது என்று இனி குழப்பமில்லை. 2 காட்டிய நான்கில் ஒன்று எங்கள் ஊர்த் தேரோட்டம், அப்பாவின் நண்பர் எடுத்தது, வேறு பிரதி கிடையாது. அது அடுத்த வாரம் போகிறது. நீலமாக இருக்கும் பதினொன்றும் மழைக்காலம் முடியட்டும், தை மாதம் மறுபடி ஒரு துண்டு வைத்துப் பார்ப்பேன்.