மணத்தைத் தேடிப் பிடித்த கோண்டாவில் கராஜ்

முதலில் மூக்கைச் சுளித்தது அம்மாதான். யாழ் போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம், வழியில் ரயில் கேற் மூடியிருந்தது. நின்று ஒரு நிமிசம் ஆகியிருக்காது, "இஞ்சை, எண்ணெய்ச் சட்டி அடுப்பில கருகின மாதிரி மணக்குது" என்றார். கண்ணாடியை இறக்கினேன், இன்னும் கூடியது. ரயில் போய், கேற் திறந்து, கார் ஓடத் தொடங்கியதும் மணத்தைக் காணவில்லை. அடுத்த நாள் திருநெல்வேலிச் சந்தையடியில் நெரிசலில் நின்றபோது திரும்ப வந்தது. நின்றால் மணக்கும், ஓடினால் மணக்காது. இந்த ஒரு விசயத்துக்குள்ளேயே பாதிப் பதில் இருந்தது என்பது எனக்கு மூன்று கிழமை கழித்துத்தான் தெரிந்தது.

கார் 2014 ஆம் ஆண்டுச் சின்னக் கார், மூன்று சிலிண்டர், எண்ணூறு சிசிக்கும் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான், திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் சம்பளக்காரர் கிட்டப் போக முடியாது. ஆகவே கையில் இருக்கிற காரைக் காப்பாற்றியே ஆகவேண்டும். அம்மாவுக்கு மாதம் இரண்டு தடவை கிளினிக், ஓட்டோவில் குலுங்கிப் போக அவரின் முதுகு இடம் கொடுக்காது.

முதலில் போனது ரவுணுக்குள் இருக்கும் ஒரு பெரிய கராஜ். பெயர் எழுத விரும்பவில்லை. பொனட்டைத் திறந்தார், ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தார், துடைத்தார், "ரிங் போயிட்டுது, எஞ்சின் இறக்கவேணும், ஒன்றரை இலட்சம் மட்டில வரும்" என்றார். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிசம். ரிங் என்றது பிஸ்ரனைச் சுற்றி இருக்கிற வளையம், அது தேய்ந்தால் ஒயில் மேலே ஏறி எரியும். ரிங் போனால் சைலன்சரால் நீலப் புகை வரவேண்டுமே, காலையில் ஸ்ரார்ட் பண்ணும்போது தம்பியைப் பின்னால் நிற்கவைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லையே என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை. "வீட்டில ஆம்பிளையள் ஆரையும் வந்து கதைக்கச் சொல்லுங்கோ" என்றார். காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கதை இப்போதும் எரிச்சல் தருகிறது, காசுக்கணக்கை விட.

இரண்டாவது ஒரு சேர்விஸ் நிலையம். எங்கேயோ ஒயில் சிந்தியிருக்கிறது, கழுவினால் போய்விடும் என்று எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவித் தந்தார்கள். இரண்டு நாள் மணமில்லை, மூன்றாம் நாள் வந்தது. கழுவினது பிழையில்லை. கழுவிய பிறகு எங்கேயிருந்து திரும்பக் கசிகிறது என்று யாரும் பார்க்காததுதான் பிழை.

மூன்றாவதுதான் இந்தக் கோண்டாவில் கராஜ். பலாலி வீதியில் இருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில், வேப்பமரத்துக்குக் கீழே தகரக் கொட்டில், பெயர்ப் பலகைகூட இல்லை. என்னோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர் சொல்லித்தான் போனேன். அறுபது வயது தாண்டின ஒரு ஐயாவும் ஒரு பெடியனும், அவ்வளவுதான் ஆட்கள்.

ஐயா பொனட்டைத் திறக்கவே இல்லை. முதலில் கேள்விதான். "எப்ப மணக்குது பிள்ளை, ஓடேக்கையோ நிக்கேக்கையோ? கடைசியா ஒயில் மாத்தி எவ்வளவு காலம்? மாத்தின உடனை மணந்ததோ? கிளட்ச்சை மிதிச்சுக்கொண்டு நிக்கிற பழக்கம் இருக்கோ?" ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார். ஒயில் மாற்றிய உடனேயே என்றால் சிந்தின ஒயிலோ, இறுகாத பில்ட்டரோ. கிளட்ச் எரிந்தால் அது கருகின கடதாசி மணம், எண்ணெய் மணமில்லை. ரேடியேற்றர் கூலன்ட் என்றால் இனிப்பாக மணக்கும். வயர் என்றால் பிளாஸ்ரிக் மணம், அது மூக்கில் குத்தும். என்னுடையது நான்கு மாதத்துக்கு முதல் மாற்றிய ஒயில், மணம் தொடங்கி மூன்று கிழமை.

அப்புறம் காருக்குப் பின்னால் போய்க் குந்தி, சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். காய்ந்த சாம்பல் கரி. இரண்டு விரலால் தேய்த்து, "பாருங்கோ, பிசுக்கில்லை. ரிங் எண்டால் இது எண்ணெயா ஒட்டும்" என்றார். அதோடு விடாமல் பிளக் மூன்றையும் கழற்றி, சிலிண்டருக்குள் அமுக்கம் எவ்வளவு என்று காட்டுகிற கொம்பிரஷன் மீற்றரைப் போட்டு, பெடியனை ஸ்ரார்ட்டர் அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் மீற்றரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "மூண்டும் கூடப்பிறந்ததுகள் மாதிரி நிக்குது, இந்த எஞ்சினை ஏன் இறக்கவேணும்?" ஒன்றரை இலட்சம் அந்த இடத்தில் தப்பியது.

இனித்தான் நான் இதை எழுதுவதற்கான விசயம். பெற்றோலில் நனைத்த பிரஷ்ஷால் எஞ்சினின் மேல்பக்கத்தையும் பில்ட்டர் அடியையும் துடைத்துத் துடைத்து, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு அலுமாரிக்குள் இருந்து ஒரு குழந்தைப் பவுடர் டின். பழைய பெயின்ற் பிரஷ் ஒன்றால், எஞ்சினின் மேல்பக்கத்தை மூடுகிற டப்பெட் கவரின் ஓரம் முழுக்க, பில்ட்டரைச் சுற்றி, ஒயில் சீல் இருக்கிற பக்கம், எல்லா இடமும் மெல்லிசாகப் பவுடர் பூசினார். "இனி ஓடுவம்." பெடியனையும் ஏற்றிக்கொண்டு சுன்னாகம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், வந்து பத்து நிமிசம் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கவிட்டோம். மணம் வந்தது. ஐயா டோர்ச்சையும் பல் வைத்தியர் வைத்திருப்பது மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியையும் எடுத்து உள்ளே விட்டு, பிறகு இரண்டையும் என் கையில் தந்தார். நானே பார்த்தேன். வெள்ளைப் பவுடரில், டப்பெட் கவரின் ஒரு மூலையில், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி ஈரக்கோடு ஒன்று. அந்தக் கோடு கீழே இறங்கி, எஞ்சின் புகை வெளியேறுகிற சூடான குழாயில், எக்சோஸ்ற் மனிபோல்ட்டில், முடிகிறது, முடிகிற இடத்தில் மண்ணிறத்தில் காய்ந்த கறை. மற்ற இடமெல்லாம் பவுடர் போட்டது போட்டபடி.

நின்றால் மட்டும் ஏன் மணக்கிறது என்றும் அங்கேயே விளங்கியது. ஓடும்போது காற்று புகையைக் கீழாலும் பின்னாலும் இழுத்துக்கொண்டு போகிறது. நின்றதும் சூடு மேலே எழும்பி, முன்கண்ணாடியின் அடியில் இருக்கிற காற்றுத் துவாரத்தால் காருக்குள் வருகிறது. கம்பியில் ஒயில் மட்டம் பெரிதாகக் குறையாததற்கும் காரணம் இதுதான், கசிந்தது துளித் துளியாக, சூடான இரும்பில் மணக்க ஒரு துளி போதும். ஆனால் துளிதானே என்று விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மனிபோல்ட் பல நூறு பாகை சூடேறும், ஒயில் 200 பாகை தாண்டினால் பற்றக்கூடிய ஆவி விடத் தொடங்கும். மணத்தோடு புகையும் கண்ணுக்குத் தெரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை நிற்பாட்டுங்கள், வீடு மட்டும் போய்ப் பார்ப்போம் என்று ஓட்டாதீர்கள்.

கவரைக் கழற்றினால், கவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒயில் கசியாமல் அடைக்கிற பாக்கிங் ரப்பர் மாதிரியே இல்லை, வளைத்ததும் படக்கென்று இரண்டாக முறிந்தது. முறிந்த துண்டை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். அதன் மேல் முன்பு யாரோ சிலிக்கன் பசை அப்பியும் இருந்தார்கள். இங்கே முடித்திருந்தால்கூட நான் சந்தோசமாகக் காசு கொடுத்திருப்பேன். ஐயா முடிக்கவில்லை. பக்கத்தில் குழாயோடு இருந்த சின்ன வால்வு ஒன்றைக் கழற்றி என் காதுக்கிட்டே ஆட்டினார். சத்தம் இல்லை. "நல்லதெண்டால் கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வரவேணும்." உள்ளே கறுப்புக் களி அடைத்திருந்தது. பிசிவி வால்வு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியையும் அமுக்கத்தையும் திரும்ப உள்ளிழுத்து எரிக்க விடுகிற வழி. அது அடைபட்டால் அமுக்கம் வேறு வழி தேடும், பலவீனமான பாக்கிங்கைத் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். "மூக்கை அடைச்சால் வாயாலைதானே மூச்சு வரும்? பாக்கிங்கை மட்டும் மாத்தினால் மூண்டு மாதத்தில திரும்பி வருவியள்." இதை வேறு எவரும் பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சாமான் வாங்க ரவுணுக்கு நானே போனேன், பழையதைக் கையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்து வாங்கச் சொன்னார், அதுவும் நல்லது, கடைக்காரர் முதலில் எடுத்துத் தந்த பாக்கிங் ஒரு ஓட்டை தள்ளி இருந்தது. பூட்டும்போது சிலிக்கன் பூசவில்லை, இரண்டு மூலையில் மட்டும் ஒரு பொட்டு. போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளியே, இரண்டு சுற்றாக, கைப்பலம் போடாமல் இறுக்கினார். கூட இறுக்கினால் பாக்கிங் பிதுங்கித் திரும்பக் கசியுமாம்.

கணக்கு: பாக்கிங் 2,400 ரூபா, வால்வு 3,100, அவருடைய கூலி 4,000. அந்த நாலாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு தேடிப் பார்த்ததற்கு என்று தனியாகச் சொன்னார். "பார்த்ததுக்கும் காசோ" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, சொல்லப்போனால் நான் வாங்கினதே அதைத்தான். பாக்கிங் மாற்ற எல்லாருக்கும் தெரியும்.

இந்தப் பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில் தொழில் பழகினவராம். பழைய கார்களைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்களே, அந்தக் காலம். புதுச் சாமான் என்ற கதையே இல்லை, எது பழுது என்று சரியாகத் தெரியாமல் ஒன்றைக் கழற்றி உடைத்தால் அதோடு கார் முடிந்தது. எனக்கும் அந்த மண்ணெண்ணெய்ப் புகை ஞாபகம் இருக்கிறது, அப்பாவின் சேட்டில் அந்த மணம் இருக்கும்.

குறைகளும் சொல்லவேண்டும். ஒரு நாளில் முடியாது, எனக்கு ஒன்றரை நாள் போனது. இருக்க ஒரு வாங்குதான், பெண்கள் போகக்கூடிய கழிவறை இல்லை, அரை நாள் காத்திருக்கிற இடத்தில் அது பெரிய குறை, ஐயாவிடம் நேரிலும் சொன்னேன். எழுதின பில் கேட்டால் சாமான் பெட்டி மட்டையில் எழுதித் தருவார். காட் எடுக்கமாட்டார். வேலை நேரத்தில் போனுக்குப் பதில் இல்லை. ஏசி வேலையும் கணினி போட்டுப் பார்க்கிற வேலையும் செய்வதில்லை, அதை முன்னாடியே சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடினதும் வரச் சொன்னார். அதற்குள் ஒரு தடவை கிளிநொச்சிக்கும் போய்வந்தேன், நாவற்குழி தாண்டி ஏ9 வீதியில் நல்ல வெயில், ஏசியோடு. போன கிழமை கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைத் துணி ஒன்றை விரலில் சுற்றி, கவர் ஓரம் முழுக்க இழுத்து, துணியை விரித்து எனக்குக் காட்டினார். தூசி மட்டும்தான். காசு வாங்கவில்லை.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போங்கள், எஞ்சின் ஆறியிருந்தால்தான் அவர் கை வைப்பார். ஞாயிறு பூட்டு. ஒழுங்கை ஒடுக்கம், வான் கொண்டுபோகிறவர்கள் வீதியிலேயே விட்டுவிட்டு நடந்து போய்ச் சொன்னால் பெடியன் வந்து எடுத்துக்கொண்டு போவான்.