தமிழில் பில் வராத சொப்ட்வெயாருக்கு 185,000 ரூபாய்: மட்டக்களப்பு, அம்பாறை ஆக்கள் கவனம்

185,000 ரூபாய். அரிசி விற்ற காசில் இருந்து எடுத்துக் கொடுத்தது. எங்கட மில்லுக்கு பில் போடுகிற சொப்ட்வெயார் செய்து தருவதாகச் சொல்லி அதை வாங்கிய தம்பி, இன்று காலையில் என்னை வட்ஸ்அப்பில் புளொக் பண்ணிவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஊருக்குள் சண்டை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள், ஆகவே கடையின் பெயரைப் போடவில்லை. மட்டக்களப்பு டவுனில் மாடியில் இருக்கிற, வெப்சைட்டும் சொப்ட்வெயாரும் செய்து கொடுக்கிற இடம். அந்த அளவில் விளங்கிக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் படுவான்கரையில் (மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம்) சின்ன அரிசி மில். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் சுற்றியுள்ள வட்டைகளில் இருந்து நெல் வரும். எத்தனை மூடை, எத்தனை கிலோ, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் எவ்வளவு கழிவு, உரத்துக்கு முன்னமே வாங்கிய காசு எவ்வளவு, கையில் கிடைப்பது எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் பில் எழுத வேண்டும். இவ்வளவு காலமும் காபன் வைத்த பில் புத்தகம்தான். மழையில் நனையும், மை அழியும், பிறகு கணக்கில் மனஸ்தாபம் வரும். கொம்பியூட்டரில் பதிந்து பட்டனை அமத்தினால் தமிழில் பிடிஎப் பில் வரவேண்டும், அதை அவரவர் போனுக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். இங்கிலீசில் வந்தால் எங்களிடம் நெல் கொண்டுவருகிற பலருக்கு வாசிக்க வராது என்பதையும் முதல் நாளே சொன்னோம்.

அந்தத் தம்பி நல்ல மரியாதையாகக் கதைத்தார். தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். “தமிழ் பிழைக்காம வருமா தம்பி?” என்று கேட்டேன். “இந்தா பாருங்க அக்கா” என்று லப்டொப்பை எங்கள் பக்கம் திருப்பினார். பிறவுசரில் பில் மாதிரி ஒரு பக்கம். ஊர்ப் பெயருக்கு வேண்டுமென்றே “கொக்கட்டிச்சோலை எண்டு அடிங்க” என்றேன். கொம்பும் காலும் உள்ள பெயர், பிழைத்தால் உடனே தெரியும். அவர் அடித்தார், பிரின்டை அமத்தினார், பிடிஎப்பாகச் சேவ் பண்ணித் திறந்து காட்டினார். ஒரு புள்ளி பிசகவில்லை. கொண்டுபோன பென்டிரைவில் அதைப் போட்டும் தந்தார். “நீங்க பட்டன அமத்தினா இதே மாதிரித்தான் வரும். நானும் இந்த ஊர்ப் பிள்ளைதானே அக்கா, உங்கள ஏமாத்திப்போட்டு எங்க போறது?” என்றார். வீட்டுக்கு வந்து அந்தப் பைலை அப்பாவிடம் காட்ட, அவரும் சரி என்றார்.

விலை விபரத்தில் மொத்தம் 185,000 ரூபாய். அதற்குள் “பிடிஎப் எஞ்சின் லைசன்ஸ்” என்று 60,000 தனியாகப் போட்டிருந்தது. லைசன்ஸ் வெளிநாட்டில் வாங்க வேண்டும், டொலர் ஏற முன் கட்ட வேண்டும் என்று சொல்லி, வேலை முடிய முன்னமே முழுக்காசையும் வாங்கிக்கொண்டார்.

வெட்டுத் தொடங்கிய கையோடு முதல் பில்லை எடுத்தோம். கொக்கட்டிச்சோலையில் கொம்பு முன்னுக்கு வரவில்லை, ககரத்துக்குப் பின்னால் கொம்பும் காலும் சேர்ந்து கிடந்தன. களுவாஞ்சிகுடியில் ‘கு’ இல்லை. க தனியே, உகரக் குறி தனியே. வெல்லாவெளியை வாசிக்கவே முடியாது. காலங்காலமாக எங்கட மில்லுக்கே நெல் தருகிற ஒரு ஐயா, போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மகள், இது என்ட பேரா?” என்று கேட்டார். ஒரு போகம் முழுக்க வெயிலிலும் தண்ணீரிலும் நின்ற மனிசன். தன் பெயரே சரியாக இல்லாத பில்லை நம்பி அவர் எப்படி மூடையை இறக்கிவிட்டுப் போவார்? அன்றே பழைய காபன் புத்தகத்தை எடுத்து எழுதிக் கொடுத்தேன்.

கோல் எடுத்தால் முதலில் “பொன்ட் பிரச்சினை அக்கா, நாளைக்குச் சரி”. பிறகு “உங்கட போன் பழசு”. புதுப் போனில் பார்த்தோம், அதே கோலம். பிறகு “சேர்வர்காரன் அப்டேட் பண்ணுறான்”. பிறகு ஒரு நாள் சொன்னார்: “தமிழ் எண்டாலே பிடிஎப்பில இப்பிடித்தான் அக்கா, உலகம் முழுக்க இதே பிரச்சினை. இங்கிலீசுக்கு மாத்துவமா?” இந்தப் பதில்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 185,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, தன்னுடைய வேலைப் பிழையைத் தமிழின் தலையில் கட்டுகிறார்.

கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு எழுத்துச் சரியாக ஒரு பில் வந்தது. சந்தோசம் அன்று பின்னேரம் வரைதான். அது முழுப் பக்கத்தையும் படமாகப் பிடித்து பிடிஎப்புக்குள் ஒட்டியது. பெயரைத் தேடினால் அகப்படாது, இலக்கத்தைக் கொப்பி பண்ண முடியாது, போனில் பெரிதாக்கினால் மங்கும், பைல் அனுப்ப நேரம் எடுக்கும். நீளமான பில்லில் ஏ4 தாள் முடிகிற இடத்தில் வரி நடுவால் வெட்டுப்பட்டு, கழிவுக் காசின் மேல்பாதி ஒரு பக்கத்தில், கீழ்ப்பாதி அடுத்த பக்கத்தில். இதைச் சொன்னால் “இதுக்கு மேல வேணுமெண்டா பிரீமியம் லைசன்ஸ் எடுக்கோணும், இன்னும் 45,000 வரும்” என்கிறார்.

வந்தாறுமூலைக் கம்பசில் படிக்கிற என்னுடைய சின்னம்மாவின் மகளிடம் காட்டினேன். அவள் அந்த முதல் பில்லைத் திறந்து ‘புரொப்பர்டீஸ்’ பார்த்தாள். பிடிஎப்பை எது செய்தது என்று ‘புரொடியூசர்’ என்ற இடத்தில் எழுதியிருக்கும். இருந்தது ஒரு இலவச பிஎச்பி லைப்ரரியின் பெயர், அதாவது சொப்ட்வெயார் எழுதுகிறவர்கள் எடுத்துப் பாவிக்கிற ஆயத்தத் தொகுப்பு. யாருக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லாதது. அந்த 60,000 ரூபாய் லைசன்ஸ் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை!

அவள் சொன்னதை எழுதுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். ‘கெ’ என்று அடித்தால் கொம்பியூட்டருக்குள் முதலில் க, அதற்குப் பிறகுதான் கொம்பு. காட்டும்போது கொம்பை முன்னுக்கு எடுத்து வைப்பதும், க்+உ என்பதை ‘கு’ என்ற ஒரே வடிவமாக்குவதும் தனி வேலை. குரோமுக்குள் ஹார்ப்பஸ் என்ற பகுதி அதைச் செய்கிறது. எங்களுக்குப் போட்ட லைப்ரரியில் அது இல்லை, ஆகவே எந்தப் பொன்ட் மாற்றினாலும் சரிவராது. அன்று மாடியில் எங்களுக்குக் காட்டியது குரோம் செய்த பிடிஎப். சேர்வரில், அதாவது எங்கட பில்களைச் செய்து அனுப்புகிற கொம்பியூட்டரில், போட்டது வேறொன்று. இதே தொழில் செய்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்காது.

அதே குரோமைத் திரையில்லாமல் சேர்வரில் ஓடவிட்டு எச்டிஎம்எல் பக்கத்தை (பிறவுசரில் திறக்கிற பக்கத்தை) பிடிஎப்பாக்கலாம். 2017 இல் இருந்து அந்த வசதி இருக்கிறது, அதை இயக்க கூகிள் விட்ட பப்பெட்டியரும் இலவசம். பைதன் மொழியில் புரோகிராம் செய்கிறவர்களுக்கு வீசிபிரின்ட், அதுவும் இலவசம், தமிழும் ஒழுங்காக வரும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவும் இலவசம், சேர்வரில் ஏற்றிவிட்டால் போதும். தன்னுடைய லப்டொப்பில் எங்கட பில் பக்கத்தைப் போட்டு அவள் எடுத்துக் காட்டினாள். கொக்கட்டிச்சோலை கொக்கட்டிச்சோலையாகவே வந்தது. அட்டவணையின் தலைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வந்தது. வரி வெட்டுப்படாமல் இருக்க சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்கிற பகுதியில்) சேர்த்தது ஒரே ஒரு கட்டளை.

அப்படியானால் அவளையே திருத்தச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். கோட், அதாவது அந்தச் சொப்ட்வெயாரை எழுதிய மூலம், எங்களிடம் இல்லை. ஹோஸ்டிங் (சேர்வரில் எடுத்த இடம்), டொமைன் (வெப்சைட் பெயர்) எல்லாம் அவருடைய பெயரில். “கோட் வேணுமெண்டா அது வேற விலை அக்கா.” இன்னொன்றையும் அவள் கண்டுபிடித்தாள், நெஞ்சு பதறிப்போனது. பில் லிங்கின் கடைசி இலக்கத்தை மாற்றினால் அடுத்த ஆளின் பில் திறக்கிறது. அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அதில் இருக்கின்றன. எங்களை நம்பித் தந்த விபரங்கள் அவை. இதை உடனே நிறுத்துங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில்: “நீங்க விளங்காம கதைக்கிறீங்க.” நேற்று இரவு லைசன்ஸ் ரசீதைக் காட்டுங்கள், இல்லாவிட்டால் 185,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள் என்று அனுப்பினேன். நீலச் சரி விழுந்தது. காலையில் புளொக்.

என்ன செய்ய வேண்டும் என்று விபரமாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன், இப்போது கை ஓடவில்லை. டெமோவை அவர்களின் லப்டொப்பில் பார்க்காதீர்கள். சேர்வரில் இருந்து உங்கள் போனுக்கே அனுப்பச் சொல்லி, உங்கட ஊர்ப் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிடிஎப்பில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள், அகப்படாவிட்டால் அது படம். லைசன்ஸ் என்று காசு கேட்டால் ரசீது உங்கள் பெயரில் வரவேண்டும். கோட், டொமைன், பாஸ்வேர்ட் கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மில், டியூட்டரி, பாமசி வைத்திருக்கிறவர்கள், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் இருக்கிறவர்கள் யாராவது இப்போது டவுனில் சொப்ட்வெயார் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், காசு கட்ட முன் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். அந்த இடமா இல்லையா என்று சொல்கிறேன்.