துறைமுகத்திலிருந்து பெரிய டேங்க் ஏற்ற ஆப்பில் டிரெய்லர் பிடிப்பவர்கள் படியுங்கள்: எங்கள் 4,32,000 ரூபாய் போய்விட்டது

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று விட்டால் பாதி மறந்துபோகும், மீதியை எழுத மனசு வராது. துறைமுகத்திலிருந்து உள்ளூருக்குப் பெரிய சரக்கு கொண்டுவரப் போகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால்கூடப் போதும்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய் மில். எண்ணெய் இருப்பு வைக்க இடம் போதவில்லை. மலேசியாவில் மூடிவிட்ட ஓர் ஆலையின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்குகள் நல்ல விலைக்கு வந்தன, இரண்டு வாங்கினோம். ஒவ்வொன்றும் 3.8 மீட்டர் விட்டம், பத்தரை மீட்டர் நீளம். ஃப்ளாட் ராக்கில், அதாவது மேல்கூரையும் பக்கச் சுவரும் இல்லாத கன்டெய்னரில் ஏற்றி, கொழும்பில் கப்பல் மாறி, தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. கடல் தாண்டி வந்தவரை ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம் இருந்த ஏறத்தாழ 300 கிலோமீட்டரில்தான் எங்கள் பணம் போனது.

இந்தச் சரக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு டேங்கின் எடை 8 டன்தான். லோடு புரோக்கரிடம் 8 டன் என்றால், சின்ன லாரியே போதுமே என்பார். இங்கே பிரச்சினை எடையே இல்லை, உடம்பின் அகலமும் உயரமும்தான். மோட்டார் வாகன விதிகளின்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. எங்கள் டேங்க் இரண்டு பக்கமும் அதைத் தாண்டி நிற்கும். அதனால் இது ஓ.டி.சி. சரக்கு, அதாவது அளவு மீறிய சரக்கு. தேசிய நெடுஞ்சாலையில் போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதை விட முக்கியம், எந்த டிரெய்லரில் ஏற்றுகிறோம் என்பது. சாதாரண டிரெய்லரின் பெட், அதாவது சரக்கு உட்காரும் தளம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் இருக்கும். அதன்மேல் சேடில் (டேங்க் உருளாமல் தாங்கும் கட்டை), அதன்மேல் டேங்க் என்றால் உச்சி 5.45 மீட்டர். பழைய பாலங்கள், ஊருக்குள் தொங்கும் மின்கம்பி எல்லாமே எமன்தான். தளம் தாழ்வாக இருக்கும் லோ பெட் டிரெய்லர் என்றால் 4.85 மீட்டரில் முடிந்துவிடும். இந்த 60 சென்டிமீட்டருக்குத்தான் கூடுதல் வாடகையே கொடுக்கிறோம்.

எங்கள் கிளியரிங் ஏஜென்ட் சொன்ன பழைய டிரான்ஸ்போர்ட்காரரிடம் அந்த வாரம் வண்டி இல்லை. ஃப்ளாட் ராக்குக்குக் கப்பல் கம்பெனி கொடுத்த இலவச நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அது முடிந்தால் நாளுக்கு இவ்வளவு டாலர் என்று கட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் லோடுக்கு லாரி பிடித்துக் கொடுக்கும் ஆப் ஒன்றில் விவரம் போட்டோம். பெயரைச் சொல்லவில்லை, வக்கீல் சொல்ல வேண்டாம் என்கிறார். நெடுஞ்சாலை டீக்கடைச் சுவரில் எல்லாம் விளம்பரம் எழுதி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஆப்.

போட்ட அரை மணி நேரத்தில் போன் வந்தது. நம்ம பக்கத்துப் பேச்சு. எடுத்ததும் எடையைக் கேட்கவில்லை. "அண்ணா, டயா எவ்வளவுங்க? நாசில் எந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்குது? சேடில் கூடவே வந்திருக்குதுங்களா, நாங்க கொண்டாரணுமா?" என்று கேட்டார். டயா என்றால் விட்டம், நாசில் என்றால் டேங்கில் குழாய் மாட்டும் வாய். இப்படிக் கேட்கிறவர் தொழில் தெரிந்தவராகத்தான் இருப்பார் என்று யாருக்கும் தோன்றும். டேங்கின் டிராயிங்கை அனுப்பச் சொன்னார். மறுநாள் ரூட் சர்வே, அதாவது வழியைப் பார்த்து அளந்த அறிக்கை என்று ஒரு பி.டி.எஃப். வந்தது. தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகக் காங்கேயம். ஒவ்வொரு பாலத்துக்கும் படம், படத்தின்மேல் சிவப்பு எழுத்தில் உயரம். இப்போது அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றின் மூலையில் தெலுங்குப் பெயர்ப் பலகை தெரிகிறது.

அப்புறம் வீடியோ கால். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஆப்பின் பெயர் போட்ட டீ-சர்ட்டில் ஒரு பையன், லாரிகள் நிற்கும் ஏதோ ஒரு இடம், பின்னால் ஒரு லோ பெட் டிரெய்லர். கேமராவைத் திருப்பி நம்பர் பிளேட்டைக் காட்டினான். பிறகு டேப்பைத் தரையில் ஊன்றிப் பெட் விளிம்பு வரைக்கும் இழுத்து, கட்டைவிரலை அந்தக் கோட்டில் வைத்துக் காட்டினான். "பாருங்கண்ணா, தொண்ணூறு சென்டி. சேடில் ஒரு பதினஞ்சு, உங்க டேங்க் மூணு எம்பது. நாலு எம்பத்தஞ்சுல முடிஞ்சுது." நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கை அவன் வாயால் சொன்னான். அந்த நிமிடம்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்தால் நம்புவோம் என்று தெரிந்து, ஒத்திகை பார்த்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஒரு டிரெய்லருக்கு 2,70,000 ரூபாய். அனுமதி, முன்னும் பின்னும் பைலட் வண்டி, மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஆட்கள் எல்லாம் அதில் அடக்கம். இரண்டுக்கும் சேர்த்து 5,40,000. லாரித் தொழிலில் வழக்கமாகக் கேட்பதுபோல 80 சதவீதம் அட்வான்ஸ், மீதி சரக்கு இறங்கியதும். ஆப் கொடுத்த கணக்குக்கு 4,32,000 ரூபாயை ஆர்.டி.ஜி.எஸ். செய்தோம். ரசீது ஆப்பிலேயே வந்தது.

குறித்த நாளில் சி.எஃப்.எஸ். யார்டுக்கு (கப்பலில் வந்த கன்டெய்னர் சரக்கை வைத்திருக்கும் இடம்) வந்தது ஒரே ஒரு டிரெய்லர். லோ பெட் இல்லை, சாதாரண நாற்பது அடி. வீடியோவில் பார்த்த நம்பரும் இல்லை. என் மச்சான் அங்கே நின்றிருந்தான், உடனே ஏற்ற வேண்டாம் என்று தடுத்தான். அதற்குள் சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து, கிரேன்காரரிடம் பேசி, இது துறைமுக எல்லை தாண்டும் வரைக்கும்தான், வெளியே லோ பெட் நிற்கிறது, அங்கே மாற்றிவிடுவோம் என்று சொல்லி டேங்கைத் தூக்க வைத்துவிட்டார். வெளியே ஒரு வண்டியும் நிற்கவில்லை. மச்சான் ஆப்புக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே டிரெய்லர் கிளம்பிவிட்டது.

அருப்புக்கோட்டைக்கு முன்னால் ராத்திரி சோதனையில் நிறுத்திவிட்டார்கள். அதற்காக அந்த அதிகாரிக்கு நான் நன்றிதான் சொல்ல வேண்டும். 5.45 மீட்டர் உயரத்தில், பைலட் வண்டி இல்லாமல், இருட்டில் போன டேங்க் எதிலாவது இடித்து யாராவது செத்திருந்தால் என்ன செய்வது? டிரைவர் கையிலிருந்த அனுமதித் தாளில் வேறு வண்டியின் நம்பர், அகலம் 3 மீட்டர் என்று போட்டிருந்தது. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லிலும் கோளாறு. சரக்குக்கான பகுதியை நாங்கள் போட்டோம். வண்டி நம்பர் போடும் பார்ட் பி-யைத் தாங்களே போடுவதாக வாங்கிக்கொண்டார்கள். அதில் ஓ.டி.சி. என்று குறிக்காமல் சாதாரண வண்டி என்று போட்டுவிட்டார்கள். சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் கணக்கு, ஓ.டி.சி. என்றால் 20 கிலோமீட்டருக்கு ஒரு நாள். அதாவது பதினைந்து நாள் இருந்திருக்க வேண்டிய பில், இரண்டே நாளில் காலாவதி. வண்டி நின்ற இடத்திலேயே பில்லும் செத்துப்போனது. அளவு மீறி ஏற்றியதற்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம் வேறு.

டிரைவர் அறுபதை நெருங்கும் மனிதர். திருப்பூருக்கு மெஷின் லோடு என்று சொல்லித்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். வண்டி ஓனர் சங்ககிரிக்காரர், அவருக்குப் பேசிய வாடகை 75,000. கைக்கு வந்தது 30,000. மீதி வராமல் வண்டியை நகர்த்த மாட்டேன் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாங்கள் கொடுத்த 4,32,000 ரூபாயில் ரோட்டுக்கு வந்தது அந்த 30,000 மட்டும்தான். அவருக்கு 45,000 நாங்களே கொடுத்தோம். கிரேன் வைத்து, மதுரையிலிருந்து உண்மையான லோ பெட் பிடித்து, முறையான அனுமதி எடுத்து, டேங்கை மாற்றிக் கொண்டுவந்து சேர்த்தோம். ஒரு சேடில் பிய்ந்துபோயிருக்கிறது, அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். இந்தச் செலவு எதையும் நான் 4,32,000-இல் சேர்க்கவில்லை.

இனி ஆப்காரர்கள் சொன்ன பதில்கள். முதலில், "உங்கள் புகார் பதிவாகியுள்ளது, 48 மணி நேரத்தில் தீர்வு கிடைக்கும்." 48 மணி நேரம் கழித்துக் கேட்டால் புது புகார் எண், புது 48 மணி நேரம். பிறகு ஒரு பெண் பேசினார். பாவம், எழுதி வைத்ததைப் படிக்கிறார். நாங்கள் லாரியையும் சரக்கையும் சேர்த்து வைக்கும் தளம் மட்டுமே, டிரான்ஸ்போர்ட்டர் இல்லை என்றார். அப்படியென்றால் பணம் ஏன் உங்கள் கணக்குக்கு வந்தது என்று கேட்டேன். "அதை ஃபைனான்ஸ் டீமிடம் கேட்டுச் சொல்கிறேன் சார்." அந்த ஃபைனான்ஸ் டீம் இன்றுவரை பேசவில்லை. டயா கேட்டவரின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். சம்பந்தப்பட்ட வெண்டர் விசாரணையில் இருக்கிறார் என்று ஒரு மின்னஞ்சல். கடைசியாக, நல்லெண்ணத்தின் அடையாளமாக உங்கள் வாலெட்டில் 10,000 ரூபாய் வரவு வைத்திருக்கிறோம், அடுத்த புக்கிங்கில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு செய்தி. 4,32,000 ரூபாயைப் பறிகொடுத்தவனுக்கு அடுத்த புக்கிங்கில் தள்ளுபடி! அதைப் படித்துவிட்டு என் அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், தொழிலுக்காக வாங்கிய சேவை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம் என்கிறார் வக்கீல். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, சரக்கு சேதத்துக்கு வழக்குப் போடும் முன் புக்கிங் செய்த 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டுமாம். அதைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். ஆனால் நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? ஆப்போ, டிரான்ஸ்போர்ட்டர் நாங்கள் இல்லை என்கிறது. எல்.ஆர். என்கிற லாரி ரசீதில் அச்சடித்திருக்கும் பெயருக்கு அந்த முகவரியில் பூட்டிய கடைதான் இருக்கிறது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நேரம் இல்லை. அவசரமாகச் சிலது. வண்டி யார்டுக்கு வந்து, பெட் உயரத்தை நம் ஆள் நம் டேப்பில் அளக்கும் வரைக்கும் அட்வான்ஸில் பெரிய தொகையை விடாதீர்கள். வீடியோவில் காட்டும் நம்பரை அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் போட்டு வண்டி விவரத்தைப் பாருங்கள், முடிந்தால் வண்டி ஓனரிடமே பேசுங்கள். அனுமதித் தாளில் இருக்கும் வண்டி நம்பரும் அகலம் உயரமும் நம் சரக்கோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். இ-வே பில்லில் பார்ட் பி-யை யாருக்கும் விடாதீர்கள், ஓ.டி.சி. என்று குறித்திருக்கிறதா பாருங்கள். சூப்பர்வைசர் என்று யார் வந்தாலும், எங்கள் கடிதம் இல்லாமல் டேங்கைத் தூக்கக் கூடாது என்று சி.எஃப்.எஸ்.-இல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது டேங்க் இன்னும் யார்டில்தான் கிடக்கிறது, தரை வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. தூத்துக்குடியிலோ மதுரையிலோ சொந்தமாக லோ பெட் வைத்து ஓட்டுகிறவர்களை நேரில் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். புரோக்கர்கள் வேண்டாம். இதே ஆப்பில் இதேபோல ஏமாந்தவர்கள் இருந்தாலும் எழுதுங்கள், புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.