ஆறாவது, ஏழாவதுக்கு டியூஷனா, வீடா?

மகள் ஆறாவது போனதும் காரைக்குடியில் ஒரு டியூஷனில் சேர்த்தோம். ஏழாவது அரையாண்டோடு நிறுத்திவிட்டு இப்போது வீட்டிலேயே உட்கார வைக்கிறோம். என் ஓட்டு வீட்டுக்குத்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பணம், அலைச்சல் எல்லாம் தெரிந்ததுதான். பள்ளத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்த் திரும்ப இரவு எட்டாகும், சோற்றுத் தட்டின் முன்னாலேயே கண் சொக்கும். ஆனால் டியூஷனில் வீட்டுப்பாடம் தவறாமல் முடிந்துவிடும், வேலைக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு அது பெரிய நிம்மதி.

எனக்கு முடிவைச் சொன்னது ஒரே விஷயம்: பிள்ளை எந்த இடத்தில் தப்பு செய்கிறாள் என்பது யார் கண்ணில் படுகிறது? டியூஷன் நோட்டில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள். சிவப்பு மையில் அடித்து ஆறில் ஐந்து என்று திருத்தியிருந்தார்கள், அவளும் அதைக் கீழே மூன்று முறை எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் வேறு எண்கள், அதே தப்பு. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் என்ன செய்வார், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் கூடத்துத் தரையில் பதித்த ஆறு ஆத்தங்குடிக் கல்லைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். பாதி எத்தனை கல்? மூன்று. மூன்றில் ஒரு பங்கு? இரண்டு. ஐந்து கல்லை எண்ணி முடித்தவள் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துவிட்டு, "அம்மா, அஞ்சுல ரெண்டுன்னா பாதிய விடக் கம்மில்ல? கூட்டுனா எப்படிக் குறையும்?" என்றாள். அதன் பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் எட்டாவது வரை ஃபெயில் கிடையாது. நல்ல ஏற்பாடுதான், ஆனாலும் ஆறாவதில் விட்டுப்போன பின்னம் சத்தமில்லாமல் கூடவே வந்து ஒன்பதாவது இயற்கணிதத்தில் போய் இடிக்கும்.

வீட்டில் எல்லாம் தெரிந்தவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. அப்பத்தா ஐந்தாவதுதான் படித்தவர். அவருக்கு மகள் ஒளிச்சேர்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "வெயில் வேணுங்கிற, அப்ப ராத்திரியில செடி என்னத்தா பண்ணும்?" என்று கேட்டுவிட்டார். இவள் எழுந்து போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள்.

டியூஷன் ஜெயிக்கும் இடம் எட்டாவதில் வரும் என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது, குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். 90 நிமிடத்தில் 90 கேள்வி, அப்படி இரண்டு தாள். மனத்திறன் தாளுக்குக் கடிகாரத்தை வைத்துப் போட்டுப் போட்டுப் பழக வேண்டும், கூட நாலு பிள்ளைகள் இருந்தால்தான் அந்த வேகம் வரும். வீட்டில் அது எங்களால் முடியுமா, எனக்கே சந்தேகம். பள்ளியில் சனிக்கிழமை பயிற்சி உண்டாம், அதில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆங்கிலமும் எங்கள் வீட்டில் இழுக்கிறது. அதற்கு மட்டும் பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் பெண்ணிடம் வாரம் இரண்டு நாள் போகிறாள். இரண்டு மாதம்தான் ஆகிறது, பலன் எப்படி என்று இப்போதே சொல்வதற்கில்லை.