பயணத்துக்கு இரண்டாவது திரை: இரண்டு கோடை தாண்டிய பிறகு

லேப்டாப்போடு இணைக்கும் 15.6 இன்ச் போர்ட்டபிள் மானிட்டரின் பெட்டியில் எடை 700 அல்லது 800 கிராம் என்று போட்டிருக்கும். அது வெறும் திரையின் எடை. காந்தம் வைத்த மூடி 300 கிராம் பக்கம் வரும். இரண்டு டைப் சி கேபிள், ஒரு மினி ஹெச்டிஎம்ஐ கேபிள், ஒரு சார்ஜர் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் ஒன்றேகால் கிலோவைத் தாண்டும். எல்ஜி கிராம் பிளஸ் வியூ 16 இன்ச்சில் 670 கிராம்தான். மூடியோடு அதுவும் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். லெனோவோ திங்க்விஷன் எம்14 சுமார் 600 கிராம், மடக்கும் கால் உடம்போடு சேர்ந்தே வருகிறது, தனி மூடி தேவையில்லை. எடைக்காக வாங்குகிறவர்கள் ஒப்பிட வேண்டியது இந்த மொத்தக் கணக்கைத்தான்.

பயணத்துக்கு என்று சொன்னாலும் ஓடும் வண்டியில் இதை விரிக்க முடியாது. வைகை எக்ஸ்பிரஸின் சேர் காரில் மடக்குப் பலகை ஒரு லேப்டாப்புக்கே சரியாக இருக்கும். 14 இன்ச் லேப்டாப்பும் 15.6 இன்ச் திரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் வேண்டும். இரவு ரயிலில் 11 மணி முதல் காலை 5 வரை சார்ஜ் பாயிண்டை அணைத்து வைப்பதும் உண்டு. போய்ச் சேர்ந்த லாட்ஜ் மேசை, கிளை அலுவலகம், உறவுக்காரர் வீட்டு டைனிங் டேபிள் - இவைதான் இதற்கு இடம். ரயிலில் வேலை பார்க்கத்தான் வேண்டும் என்றால் இந்தப் பணத்தை நல்ல லேப்டாப் பேட்டரியில் போடலாம்.

வாங்கியவர்கள் அதிகம் ஏமாறுவது திரையில் இல்லை, ஓட்டையில். லேப்டாப்பில் டைப் சி போர்ட் இருப்பதாலேயே அதில் படம் வந்துவிடாது. சில போர்ட்டுகள் தகவலை மட்டும் கடத்தும், சில சார்ஜ் மட்டும் ஏற்றும். படம் வர 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்', அதாவது டைப் சி வழியாகவே படத்தை அனுப்பும் வசதி, வேண்டும். போர்ட்டுக்குப் பக்கத்தில் மின்னல் குறியோ, டி-யும் பி-யும் பிணைந்த குறியோ இருந்தால் வரும். ஒன்றும் இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துவிட வேண்டும். அடுத்த பொறி கேபிள். போனோடு வரும் டைப் சி கேபிள்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி 2.0 வகை, படம் போகும் கம்பிகளே அவற்றுக்குள் கிடையாது. சார்ஜ் ஏறும், திரை மட்டும் 'நோ சிக்னல்' காட்டும். மானிட்டர் கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்களில் பலருக்குக் கோளாறு இந்தக் கேபிள்தான். பெட்டியில் வந்த கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தால் குழப்பமே வராது.

பழைய லேப்டாப் என்றால் ஹெச்டிஎம்ஐ வழி. அதில் படம் மட்டும் வரும், திரைக்கான மின்சாரம் தனியாக டைப் சி-யில் கொடுக்க வேண்டும். அதை லேப்டாப்பின் சாதாரண யூஎஸ்பி போர்ட்டிலிருந்து எடுத்தால் சிக்கல்: யூஎஸ்பி 2.0 தருவது 0.5 ஆம்பியர், 3.0 தருவது 0.9 ஆம்பியர், அதாவது 4.5 வாட். 15.6 இன்ச் திரை முழு வெளிச்சத்தில் 8 முதல் 10 வாட் கேட்கும். விளைவு, லோகோ வந்து வந்து மறையும், திரை விட்டு விட்டு எரியும். டைப் சி ஒற்றைக் கேபிளிலும் லேப்டாப் 5 வோல்ட், 1.5 ஆம்பியர் மட்டும் தந்தால் இதே கதைதான். வெளிச்சத்தை 40, 50க்கு இறக்குங்கள். போதவில்லை என்றால் 10 வாட் போன் சார்ஜரை மானிட்டரின் இரண்டாவது போர்ட்டில் சொருகுங்கள், விட்டு விட்டு எரிவது நின்றுவிடும்.

65 வாட் சார்ஜரை மானிட்டரில் சொருகி, அங்கிருந்து லேப்டாப்புக்குக் கடத்தும் வசதி சில மாடல்களில் உண்டு. திரை தன் பங்கை எடுத்த மீதிதான் லேப்டாப்புக்கு வரும். சார்ஜரைப் பிடுங்கும்போது திரை இரண்டு மூன்று வினாடி கறுத்துத் திரும்பும், அது கோளாறு இல்லை. கரண்ட் போய்விட்டால் கணக்கு இப்படி: 50 வாட்-அவர் பேட்டரி, லேப்டாப் 10 வாட் தின்றால் ஐந்து மணி நேரம் ஓடும், திரைக்கு 7 வாட் சேர்ந்தால் மூன்று மணி நேரம்கூட முழுதாக நிற்காது. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 74 வாட்-அவர், இழப்பு போகத் திரையை மட்டும் எட்டு மணி நேரம் தாங்கும். மதுரை விமான நிலையத்தில் ஏறுவதானால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை.

நீண்ட நாள் ஓட்டத்தில் பேனல், அதாவது படம் காட்டும் தட்டு, அவ்வளவு சுலபமாகச் சாகாது. முதலில் போவது மூடி. காந்தமும் பிசினும் வைத்துத் தைத்த ரெக்சின் மூடி நம்மூர் ஏப்ரல், மே வெயிலில் ஓரம் பிரிகிறது, இரண்டாவது வருடம் தோல் உரிகிறது, மடிப்பு தளர்ந்து திரை மேசையில் வழுக்கி விழுகிறது. பின்பக்கம் உலோகக் கால் வைத்த மாடலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்கனவே மூடி மாடலாக வாங்கியவர்கள் ஒரு மடக்கு டேப்லெட் ஸ்டாண்ட் வாங்கிக்கொண்டு மூடியை உறையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். உள்ளே பேட்டரி உள்ள மானிட்டர் வேண்டவே வேண்டாம். எடையும் கூடும், கண்ணாடி ஏற்றிய காரில் மத்தியானம் கிடந்தால் பேட்டரி உப்பிப் பேனலை நெம்பிவிடும்.

அடுத்து தளர்வது டைப் சி போர்ட். கேபிள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்பதால் கை பட்டு, பை பட்டு நெம்பிக்கொண்டே இருக்கும். 90 டிகிரி வளைந்த முனை உள்ள கேபிள் போட்டால் பாதித் தொல்லை தீரும். லேசாக ஆட்டினால் படம் போகிறது என்றால் உடனே சர்வீசுக்கு ஓடாதீர்கள். உள்ளே பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். கரண்டை எடுத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக வழித்து எடுங்கள். ஊசி, ஹேர்பின் கூடாது. இரண்டு பக்கமும் போர்ட் உள்ள மாடலாக இருந்தால் ஒன்று தளர்ந்தாலும் இன்னொன்றில் காலம் தள்ளலாம்.

பேனல் உடைவது பெரும்பாலும் பைக்குள்தான். சார்ஜரின் தடித்த பகுதி திரைக்கு எதிரே இருந்து, அந்தப் பையின் மேல் மாட்டுத்தாவணி பஸ்ஸில் இன்னொருவர் மூட்டையை வைத்தால் முடிந்தது: வெள்ளைத் திட்டு, இல்லையென்றால் கீறல். புதுப் பேனல் விலை மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். திரையின் முகத்துக்கு எதிரே ஒரு பரீட்சை அட்டை வைத்து, அதை லேப்டாப்பின் மூடியோடு ஒட்டினாற்போல நிறுத்துங்கள். சார்ஜர் வெளி அறைக்குப் போகட்டும். இதற்கென்று விற்கும் உறைகளைவிட அந்த அட்டை நன்றாகவே காக்கிறது.

தமிழ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது எழுத்தளவு. 15.6 இன்ச்சில் 1920×1080 என்றால் ஒரு இன்ச்சுக்கு 141 புள்ளி. 24 இன்ச் மேசை மானிட்டரில் அது 92தான். அதனால் 100 சதவீதத்தில் எழுத்து மூன்றில் ஒரு பங்கு சிறுத்துப்போகும். மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். விண்டோஸில் ஸ்கேல் 125 வையுங்கள், பிழை திருத்தும் வேலை என்றால் 150. ஹெச்டிஎம்ஐ-யில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராபிக்ஸ் செட்டிங்கில் ஆர்ஜிபி வரம்பை 'ஃபுல்' என்று மாற்ற வேண்டும். மலிவு மானிட்டரில் வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் ஹெச்டிஆரை அணைத்தே வையுங்கள், போட்டால் படம் வெளிறும். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள் நிற அளவை 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று எழுதியதைத் தொடக் கூடாது; அரக்குப் பட்டு செங்கல் நிறமாகத் தெரியும். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று தேடுங்கள். 250 நிட் வெளிச்சம் டியூப்லைட் அறைக்குப் போதும், திண்ணைக்குப் போதாது.

ஸ்பீக்கர் பேருக்குத்தான் இருக்கிறது. தொடுதிரை எடையும் பளபளப்பும் கூட்டும், வரைகிறவர்களுக்கு மட்டும் சரி. மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பின்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பித் தரும் நாள் முடிவதற்குள் இருட்டறையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து முழுநிறப் படங்களை ஓட்டிச் செத்த புள்ளி தேடிவிடுங்கள்.

ஒத்தக்கடை பக்கம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனு தயாரிக்கிறவர்களுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. 15.6 இன்ச் திரையை நிமிர்த்தி வைத்தால் அகலம் 19.4 சென்டிமீட்டர், உயரம் 34.5. ஏ4 தாள் ஒரு முழுப் பக்கம் கிட்டத்தட்ட நிஜ அளவில், 92 சதவீதத்தில், உருட்டாமல் தெரியும். ஆனால் நிமிர்த்தும்போது போர்ட் மேசைப் பக்கம் போய்விட்டால் கேபிள் சொருக இடம் இருக்காது. மேலே வருகிற மாதிரித் திருப்பி நிறுத்தி, டிஸ்ப்ளே செட்டிங்கில் 'போர்ட்ரெய்ட்' அல்லது 'போர்ட்ரெய்ட் ஃபிளிப்டு', எது நேராகத் தெரிகிறதோ அதைப் போடுங்கள். மூடி ஸ்டாண்டில் இப்படி நிற்காது. கடையிலேயே நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.