கேபிள் கியரா, மின் கியரா?

கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போகும் நண்பருக்கு இந்தக் குழப்பம்: கம்பி இழுத்துக் கியரை மாற்றும் கேபிள் கியரா, பொத்தானை அழுத்தினால் சிறு மோட்டார் மாற்றிவிடும் மின் கியரா?

விலை: கேபிள் மலிவு. மின் கியரின் விலைக்கு இன்னொரு நல்ல சைக்கிளே வாங்கலாம்.

பழுது: கேபிள் அறுந்தால் சாதாரணச் சைக்கிள் கடையிலேயே மாற்றலாம். மின் கியருக்குப் பழகிய கை வேண்டும்.

கடற்காற்று: இதில் மின் கியர்தான் கெட்டி. உப்பும் மழையும் சேர்ந்தால் கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகும், கியர் மாறத் தயங்கும். மின் கியரில் இழுபடும் கேபிளே இல்லை. சிறு மோட்டார்தான் செயினைக் கியருக்குக் கியர் நகர்த்துகிறது. செயின் என்னவோ இரண்டிலும் துருப்பிடிக்கும்!

சார்ஜ்: இது மின் கியருக்கு மட்டும். ஒரு தடவை ஏற்றினால் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தாங்கும். மறந்தால் ஒரே கியரில் வீடு.

நண்பர் போகும் காலி வீதி (Galle Road) சமதரை. அங்கே கேபிளே போதும், துருப்பிடிக்காத உருக்குக் கேபிளாகப் போடுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், வார இறுதியில் நுவரெலியா ஏறுபவர்களுக்கும் மின் கியர் சரி.